ஒன்பதாவது மாடிக் கதவு

மார்ச் 23, நியூயார்க்

"சுதந்திர தேவி சிலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் கண்ணு. எனக்கு முதல்ல அந்தக் கட்டடத்தைக் காட்டு" என்று தங்கை மகளிடம் வந்த அன்றே சொல்லிவிட்டேன். அவளும் கேள்வி கேட்காமல் லீவு போட்டுவிட்டாள்.

எந்தக் கட்டடம் என்று சொல்ல வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 26 வருஷம் வேலை பார்த்தேன். டெய்லருக்கு உதவுகிற கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் டெய்லராகி, கடைசியில் லைன் சூப்பர்வைசர். சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் நடக்கும்போது வெளியே பூட்டிவிட்டு வாட்ச்மேன் டீ குடிக்கப் போவார். அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பல வருஷம் கழித்து, வேறொரு இடத்தில் ஆடிட்டுக்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்தவர், 1911இல் நியூயார்க்கில் ஒரு பிளவுஸ் கம்பெனி எரிந்த கதையைப் பத்து நிமிஷம் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இடத்தை ஒரு தரமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே மனதுக்குள் போட்டு வைத்தேன்.

அந்தப் பெண்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது என்று, இன்று ஆர்ச்சர்ட் தெருவில் 97ஆம் எண் வீட்டுக்குப் போனோம். 1863இல் வாடகைக்காகவே கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். 1935இல் மாடிகளைக் காலி செய்து பூட்டினார்கள். அரை நூற்றாண்டு அப்படியே கிடந்து, இப்போது அருங்காட்சியகமாகிவிட்டது. பூட்டும்வரை ஏறத்தாழ 7,000 பேர் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று அறை. மூன்றையும் சேர்த்தாலும் 325 சதுர அடிதான். தெருப்பக்கத்து அறைக்கு மட்டும் நல்ல வெளிச்சம். நடு அறை சமையலுக்கு. உள் அறையில் பகலிலும் இருட்டு.

சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. வெளியே பார்க்கிற ஜன்னல் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் இன்னொரு அறை. ஒரு அறை வெளிச்சம் அடுத்த அறைக்கும் கிடைக்கட்டும் என்று சட்டத்துக்காக வெட்டிய ஜன்னல். காசநோய் பரவியதற்கு இந்த இருட்டறைகளே காரணம் என்று சீர்திருத்தக்காரர்கள் வருஷக்கணக்காகக் கத்தினார்கள். லாரன்ஸ் வெயிலர் என்பவர் 1900இல் குடியிருப்புகளின் மாதிரி அட்டைகளும் வரைபடங்களும் செய்து கண்காட்சியே வைத்தார். மறு வருஷம் நியூயார்க்கில் வாடகைக் குடியிருப்புச் சட்டம் வந்தது. வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறை வேண்டும் என்றது. வீட்டுக்காரர்கள் சும்மா விடவில்லை. முற்றத்துக் கக்கூஸை எடுத்துவிட்டு உள்ளே கழிப்பறை கட்டச் சொல்கிறார்களே என்று ஒரு வீட்டுக்கார அம்மா உச்ச நீதிமன்றம் வரை போய், 1906இல் தோற்றார். ஒரு கழிப்பறைக்காக ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு. அந்த வெறும் ஜன்னலை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.

இதே வீட்டில் 1890களில் ஒரு குடும்பம் முன்னறையில் துணி தைத்திருக்கிறது. தையல் மிஷின், இஸ்திரி அடுப்பு, கைக்குழந்தை எல்லாம் ஒரே இடத்தில். அதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நூல் தூசி படிந்த குழந்தையை நான் தூக்கியிருக்கிறேன்.

மார்ச் 24

மழை. கூப்பர் யூனியன் என்ற கல்லூரியின் கட்டடத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். பழுப்புக் கல்லில் கட்டியது. கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அரங்கம் உண்டு. 1860இல் லிங்கன் பேசிய அதே அரங்கத்தில் 1909 நவம்பர் 22 அன்று பிளவுஸ் தைக்கிறவர்கள் கூடியிருந்தார்கள். தலைவர்கள் மாறி மாறிப் பேசி, எதையும் முடிவு செய்யாமல் நேரம் போய்க்கொண்டிருந்தது. கிளாரா லெம்லிச் என்ற 23 வயதுப் பெண் எழுந்து மேடைக்குப் போனார். மறியலில் அடிவாங்கி விலா எலும்பு உடைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது, பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று யூதர்கள் பேசுகிற இத்திஷ் மொழியில் சொன்னார். சபையே கையை உயர்த்தியது. துரோகம் செய்தால் இந்தக் கை வாடிப்போகட்டும் என்று சத்தியம் செய்தார்கள். ஏறக்குறைய 20,000 பேர் வேலையை விட்டு இறங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் பாதி சின்னப் பிள்ளைகள்.

நிறைய முதலாளிகள் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். பிறகு எரிந்ததே, அந்த டிரையாங்கிள் கம்பெனி போடவில்லை. அங்கே கேட்ட கோரிக்கைகளில் நல்ல தீ ஏணியும் பூட்டாத கதவும் இருந்தன.

மார்ச் 25

இன்று எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

வாஷிங்டன் பிளேஸும் கிரீன் தெருவும் சேருகிற மூலையில் பத்து மாடிக் கட்டடம். இப்போது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். மாணவர்கள் முதுகுப்பையோடு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் வாங்கியது, கட்டடத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

8, 9, 10ஆம் மாடிகள் டிரையாங்கிள் கம்பெனியுடையவை. மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற இரண்டு பேர் முதலாளிகள். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம், மாலை 4.40 மணி சுமார். 8ஆம் மாடியில் கட்டிங் டேபிளுக்கு அடியில் இருந்த வேஸ்ட் பெட்டியில் தீ பிடித்தது. அந்த வேஸ்ட்டைக் கடைசியாக ஜனவரியில்தான் ஒரு வியாபாரி வந்து அள்ளிப் போயிருக்கிறார். இரண்டு மாதத்துக் கட்டிங் வேஸ்ட், மெல்லிய பருத்தித் துணி, நடுநடுவே டிஷ்யூ காகிதம். அது எப்படிப் பற்றும் என்று எங்களைப் போல வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊதி அணைக்கலாம் என்று நினைப்பதற்குள் மேலே தொங்குகிற பேட்டர்ன் காகிதத்துக்குப் போயிருக்கும்.

8ஆம் மாடியிலிருந்து 10ஆம் மாடிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். முதலாளிகள் மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தப்பினார்கள். 9ஆம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீயே வந்து சொன்னது. அங்கே வரிசை வரிசையாக 240 மிஷின்கள், வாஷிங்டன் பிளேஸ் பக்கம் ஒரு படிக்கட்டு, அதன் கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போகும்போது எல்லோரும் கிரீன் தெருப் பக்கம் ஒரே வழியாகப் போக வேண்டும், அங்கே கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும், அதற்காகத்தான் பூட்டு. துணி திருடுகிறார்களாம். எவ்வளவு திருட்டுப் போனது என்று பிறகு வழக்கில் கேட்டபோது, எல்லாம் சேர்த்து 25 டாலருக்கு மேல் இராது என்று ஹாரிஸே ஒத்துக்கொண்டார்.

பின்பக்கத் தீ ஏணி கனம் தாங்காமல் முறிந்து ஆட்களோடு விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய ஜோசப் ஜிட்டோ, காஸ்பர் மோர்ட்டிலாரோ இருவரும் புகைக்குள் திரும்பத் திரும்ப மேலே போய் முடிந்தவரை ஏற்றி இறக்கினார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி 6ஆம் மாடி வரைதான் எட்டியது. மற்றவர்கள் ஜன்னலிலிருந்து குதித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 146 பேர். அதில் 123 பேர் பெண்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். உடல்களை ஆற்றங்கரைத் துறையில் வரிசையாக வைத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஒரு பெண்ணை, கிழிந்து தைத்த காலுறையை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தையலைப் பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடலாம், அது எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் இங்கே கூடுகிறார்கள். தொழிற்சங்கக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், இறந்தவர்களின் பேரன் பேத்திகள். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க மணி அடிக்கிறது. தீயணைப்பு வண்டி ஏணியை உயர்த்துகிறது. 6ஆம் மாடியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஏணி நுனிக்கும் 9ஆம் மாடி ஜன்னலுக்கும் நடுவே இருக்கிற வெறும் இடத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பக்கத்தில் நின்ற வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2023இல் திறந்த நினைவுச் சின்னம் கட்டடத்திலேயே இருக்கிறது. நடைபாதைக்கு மேல் 12 அடி உயரத்தில் ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. "பெரியம்மா, மேல பார்க்காதீங்க, குனிஞ்சு பாருங்க" என்றாள் பாப்பா. இடுப்பளவில் கறுப்பாகப் பளபளக்கும் பலகை. மேலே பட்டையில் எழுத்தாக வெட்டிய துளைகள் வழியே வானம் தெரிகிறது, அது கீழே பலகையில் பெயராக விழுகிறது. பெயர், வயது. 14, 16, 17, 18, 18. இன்னொன்றும் சொல்கிறேன். 2019இல் பொதுமக்கள் தங்கள் வீட்டுத் துணிகளைக் கொண்டுவந்து 300 அடி நீளத்துக்கு ஒரே ரிப்பனாகத் தைத்திருக்கிறார்கள். அந்தத் துணியின் நெசவுத் தடத்தைத்தான் எஃகின் மேல் பதித்திருக்கிறார்கள். விரலால் தடவ எட்டவில்லை.

முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். டிசம்பரில் விடுதலை. 1914இல் சிவில் வழக்கில் ஓர் உயிருக்கு 75 டாலர் கொடுத்தார்கள். இடையில் 1913இல் வேறொரு தொழிற்சாலையில் பிளாங்க் மறுபடியும் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் அன்று தெருவில் நின்று பார்த்த ஒருவர் மூடி வைக்கவில்லை. பிரான்சஸ் பெர்கின்ஸ், 30 வயது. பக்கத்து வாஷிங்டன் சதுக்கத்தில் தோழி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்து, குதித்தவர்களைக் கண்ணால் பார்த்தார். சில மாதத்தில் மாநில அரசு தொழிற்சாலை விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். இரண்டு பேருமே டம்மனி என்ற பழைய கட்சி அமைப்பின் ஆட்கள். இவர்களிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்றுதான் ஊர் நினைத்தது. பெர்கின்ஸ் அவர்களுக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டு இருக்கவில்லை, கூட்டிக்கொண்டு போனார். ஒரு தொழிற்சாலையில் தீ வழி என்று எழுதியிருந்த சின்ன ஓட்டை வழியாக வாக்னரையே தவழ்ந்து வெளியே போகச் சொன்னார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி, தரைக்கு 12 அடி மேலேயே முடிந்துவிட்டது. கயிறு ஆலையில் பத்து மணி நேர ராத்திரி ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற பெண்களின் முகத்தைப் பார்க்க ஸ்மித்தை விடியற்காலையில் கொண்டுபோய் நிறுத்தினார். 1915க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள். வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தீ ஒத்திகை நடத்த வேண்டும், உயரமான தொழிற்சாலைகளில் கூரையில் தண்ணீர்த் தெளிப்பான் வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆடிட்டர் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடித்தாரே, அதில் பாதி இந்த மூலையில் பிறந்தது.

சாயங்காலம் தெருவில் சாக்பீஸ் எழுத்துகள் பார்த்தோம். இறந்தவர்கள் குடியிருந்த வாசல்களில் அவர்கள் பெயரையும் வயதையும் தன்னார்வலர்கள் இந்த நாளில் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு வாசலில் மூன்று பெயர். மல்தேசே குடும்பம். அம்மா காதரினா, மகள்கள் லூசியா 20, ரொசாரியா 14. மூவரும் ஒரே மாடியில் தைத்தவர்கள். அங்கே சாக்பீஸோடு இருந்த பையன் என்னிடம் ஒன்றை நீட்டினான். ரொசாரியாவின் பெயர் மழை ஈரத்தில் மங்கியிருந்தது, அதன் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதினேன்.

மார்ச் 26

புரூக்ளினில் எவர்கிரீன்ஸ் கல்லறைத் தோட்டம். அடையாளம் தெரியாத சிலரைச் சேர்த்துப் புதைத்த இடம். மண்டியிட்டுக் குனிந்த பெண்ணின் சிலை. 1911 ஏப்ரல் 5 அன்று கொட்டுகிற மழையில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இவர்களுக்காக ஊர்வலம் போனார்கள். நூறு வருஷம் பெயரில்லாமல் கிடந்தவர்களின் பெயர்களை ஓர் ஆராய்ச்சியாளர் பழைய பத்திரிகைகளில் தேடித் தேடி 2011இல் கண்டுபிடித்தார்.  

மார்ச் 28, லாரன்ஸ்

நேற்று ரயிலில் பாஸ்டன். இன்று காலை அங்கிருந்து லாரன்ஸ். மெரிமாக் ஆற்றின் இரண்டு கரையிலும் செங்கல் ஆலைகள், கண்ணுக்கெட்டியவரை ஜன்னல். ஏயர் ஆலையின் கடிகாரக் கோபுரம் ஊருக்கே நேரம் சொல்கிறது. டீக்கடை மாதிரி ஒரு சின்னக் கடையில் காப்பி குடித்தோம். சுற்றிலும் ஸ்பானிஷ் பேச்சு. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்கள் இப்போது நிறைய. 1912இலும் இது பல மொழி ஊர்தான்.

இங்கே நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இங்கே ஒரு நல்ல சட்டமே சண்டைக்குக் காரணமாகிவிட்டது. பெண்களும் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்ததை 54 ஆகக் குறைத்து மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது, 1912 ஜனவரி 1 முதல். ஆலைக்காரர்கள் நேரத்தைக் குறைத்தார்கள், கூலியையும் குறைத்தார்கள். 32 சென்ட் சுமார். கேட்க அற்பம். வாரத்துக்கு ஆறு, ஏழு டாலர் சம்பாதிக்கிற வீட்டில் அது பல நாள் ரொட்டி. ஜனவரி 11 அன்று எவரெட் ஆலையில் போலந்துப் பெண்கள் கூலிக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தறியை நிறுத்தினார்கள். சட்டம் எழுதினவர்கள் மணி நேரத்தை எழுதினார்கள், கூலியைக் குறைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதவில்லை. கூலிக் கவரைக் கையில் வாங்கியவர்கள் யாராவது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் முதலில் அந்த வரியைத்தான் கேட்டிருப்பார்கள்.

இரண்டு மாதம் குளிரில் நின்றார்கள். பட்டினியிலிருந்து காப்பாற்றப் பிள்ளைகளை நியூயார்க்கில் ஆதரவாளர்கள் வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். பிப்ரவரி 24 அன்று ரயில் நிலையத்தில் போலீஸ் தாய்களையும் பிள்ளைகளையும் அடித்தது. நாடே கொதித்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விசாரணை வைத்தது. அங்கே கமெல்லா தியோலி என்ற 14 வயதுப் பெண் சாட்சி சொன்னாள். வயதை மாற்றிக் காட்டும் காகிதத்துக்கு அப்பா 4 டாலர் கொடுத்திருக்கிறார். ஆலையில் சேர்ந்த சில நாளில் மிஷின் அவள் முடியைப் பிடித்து இழுத்து மண்டைத் தோலையே உரித்துவிட்டது. ஏழு மாதம் ஆஸ்பத்திரி. ஜனாதிபதியின் மனைவி ஹெலன் டாஃப்ட் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டார்.

மார்ச் மாதம் ஆலைகள் இறங்கி வந்தன. எல்லோருக்கும் கூலி உயர்வு, குறைந்த கூலிக்காரர்களுக்கு அதிக விகிதத்தில். பிறகு அவ்வளவு பெரிய போராட்டத்தைப் பற்றி ஊர் பேசாமல் விட்டது. கமெல்லாவின் மகள் வளர்ந்து, அம்மாவுக்குத் தினமும் தலைவாரி, வழுக்கையை மறைத்துக் கொண்டை போட்டுவிட்டிருக்கிறாள். அந்தத் தழும்பு எப்படி வந்தது, அம்மா எங்கே போய் என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. அம்மா இறந்து பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையாளர் வந்து சொல்லித்தான் தெரிந்திருக்கிறது.

ஓவர்லாக் மிஷினில் உட்காரும் புதுப் பெண்களிடம் நான் தினமும் கத்துவேன், முடியைக் கட்டு, துப்பட்டாவைச் செருகு என்று. அதுகள் கோபித்துக்கொள்ளும். இன்று ஆற்றுப் பாலத்தில் நின்று அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 30, வாஷிங்டன்

ரயிலில் வரும்போது பாப்பா மடிக்கணினியில் லூயிஸ் ஹைன் எடுத்த படங்களைக் காட்டினாள். குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காக 1908 முதல் அவர் நாடு முழுக்க அலைந்து எடுத்தவை, ஐயாயிரத்துக்கும் மேல். காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கிறது. ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் தீயணைப்பு ஆய்வாளர், பைபிள் விற்கிறவர் என்று வேஷம் போட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகளின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தானோடு ஒப்பிட்டு அளந்து, பைக்குள்ளேயே கையை விட்டுக் குறிப்பு எழுதுவார். தென் கரோலினா ஆலை ஒன்றில் நிற்கும் ஒரு சிறுமியின் கீழே, உயரம் 48 அங்குலம் என்று எழுதியிருக்கிறார். நூல் நூற்கும் கதிர்களின் வரிசை அவள் தலைக்கு மேலே போகிறது.

இந்தப் படங்களால் 1916இல் குழந்தைத் தொழிலுக்கு எதிரான மத்தியச் சட்டம் வந்தது. வட கரோலினாவில் ஒரு ஆலைத் தொழிலாளியின் பெயரில் ஆலைக்காரர்கள் வழக்குப் போடவைத்தார்கள், என் பிள்ளைகள் வேலை செய்யும் உரிமையைப் பறிக்கிறார்கள் என்று. 1918இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று சட்டத்தை ரத்து செய்தது. சில வருஷம் கழித்து அந்தத் தொழிலாளியின் மகன் ஒருவனைப் பார்க்க ஒரு நிருபர் போனார். வாலிபனாகியும் எடை 105 பவுண்டுதான். படிப்பு இல்லை. அந்த வழக்கில் நான் ஜெயிக்காமல் இருந்திருக்கலாம் என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறான். மறுபடியும் ஒரு சட்டம், 1922இல் அதுவும் ரத்து. 1938இல்தான் கூலி, வேலை நேரம், குழந்தைத் தொழில் மூன்றுக்கும் வரம்பு வைத்த நியாயத் தொழில் தரச் சட்டம் வந்து நின்றது.

அந்தச் சட்டத்தின் பின்னால் நின்றவரின் பெயர் தொழிலாளர் துறைத் தலைமையகத்தின் முகப்பில் இருக்கிறது. பிரான்சஸ் பெர்கின்ஸ் கட்டடம். 1933 முதல் 1945 வரை தொழிலாளர் துறை அமைச்சர், அமெரிக்க மத்திய அமைச்சரவையில் முதல் பெண். 1911இல் தெருவில் நின்று பார்த்ததை அவர் விடவே இல்லை.

ஆனால் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதையும் எழுத வேண்டும். 1912இலேயே நியூயார்க்கில் பெண்களுக்கு 54 மணி நேரச் சட்டம் நிறைவேற, டின்களில் உணவு அடைக்கும் ஆலைகளை விலக்குவதற்கு ஒத்துக்கொண்டார். கிடைப்பதை வாங்குவோம், மீதியை அடுத்து வாங்குவோம் என்று. மறு வருஷமே அந்த ஆலைகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1938 சட்டத்தில் விடுபட்டவர்கள் வயலில் உழைக்கிறவர்களும் வீட்டு வேலை செய்கிறவர்களும். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்தது இந்த இரண்டு வேலைகள்தான். தெற்கத்திய உறுப்பினர்களின் ஓட்டு வேண்டியிருந்தது. நான் பெர்கின்ஸை மனதாரக் கும்பிடுகிறவள். இந்த இடத்தில் மட்டும் எனக்கு மனம் சமாதானமாகவில்லை. என் அம்மா களை எடுக்கவும் வீட்டு வேலைக்கும் போனவர். அவருக்கு ஷிப்ட் முடிந்து மணி அடித்ததே கிடையாது.

வீட்டு வேலைக்காரர்களை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1974இல். வயலில் உழைக்கிறவர்களுக்கு ஓவர்டைம் கூலி மத்தியச் சட்டத்தில் இன்றும் இல்லை. பெர்கின்ஸ் 1965இலேயே இறந்துவிட்டார்.

கட்டடத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கதவைத் தள்ளினார்கள், திறந்தது, வந்தார்கள். "போலாமா பெரியம்மா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள் பாப்பா. இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்றேன்.